ஆளைச் சொல்லத் தெரியுமா?

இந்த மாத ஆங்கிலப் பாடம் முகத்தைப் பற்றியது. ஓர் ஆளின் முகத்தையும் தோற்றத்தையும் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது, எந்தச் சொல் உதவும், எந்தச் சொல் அடுத்தவர் மனசைக் குத்தும் என்று பார்க்கப் போகிறோம்.

"இதெல்லாம் ஒன்றாம் ஆண்டிலேயே படிச்சாச்சே அண்ணே, ஐஸ், நோஸ், மவுத்" என்று சிலர் சிரிப்பீர்கள். சரி, ஒரு சின்னச் சோதனை. தைப்பூசத்தன்று பத்துமலையில் தண்ணீர்ப் பந்தலில் தொண்டராக நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அம்மா மூச்சு வாங்க ஓடி வருகிறார். மகனைக் காணவில்லை. "பையன் எப்படிம்மா இருப்பான்?" என்று கேட்கிறீர்கள். "சின்னப் பையன் தம்பி, மொட்டை போட்டிருக்கான், மஞ்சள் சட்டை" என்கிறார். தலையைத் திருப்பிப் பாருங்கள். 272 படியிலும் மொட்டைத் தலை, மஞ்சள் சட்டை. பக்கத்தில் நிற்கும் போலீஸ்காரரோ தமிழ் தெரியாதவர். அவருக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். என்ன சொல்வீர்கள்?

"ஸ்மால் பாய், யெல்லோ ஷர்ட்" என்றால் அவர் தலையைச் சொறிவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

எஸ்.பி.எம். எழுதப் போகிறவர்களுக்கும் இது உதவும். ஆங்கிலத் தாள் 1119-இல் பேச்சுத் தேர்வு தனித் தாளாகவே இருக்கிறது. எழுத்துத் தாளில் 200 முதல் 250 சொல்லுக்குள் ஒரு நீண்ட கட்டுரை எழுத வேண்டும். கதை எழுதினால் அதில் ஓர் ஆள் வந்தே தீருவார், அவருக்கு ஒரு முகம் வேண்டுமே. ஆனால் மதிப்பெண்ணைவிட அந்த அம்மாவை நினைத்துக்கொண்டே இந்தப் பாடத்தைப் படியுங்கள். ஆளை வர்ணிப்பது என்றால் அழகாகப் பேசுவது அல்ல. அந்த ஆளைப் பார்த்தே இராத ஒருவர், கூட்டத்திலிருந்து அவரைக் கண்டுபிடிக்கும்படி சொல்வது.

ஒரு விஷயம். ஆங்கிலச் சொற்களை இங்கே தமிழெழுத்திலேயே தருகிறேன். பேசிப் பழக இது வசதி. எழுத்துக்கூட்டலுக்கு ஒரு நோட்டும் அகராதியும் பக்கத்தில் இருக்கட்டும். நீங்களே தேடி எழுதினால்தான் மனசில் நிற்கும்.

'இருக்கு' என்ற ஒரே சொல்

முதலில் சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், வினைச்சொல்லைச் சரி பண்ணுவோம். நம்மவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான்.

தமிழில் "உயரமா இருக்கார்" என்போம், "தாடி இருக்கு" என்போம். "ஒல்லியா இருக்கார்", "கன்னத்துல மச்சம் இருக்கு". எல்லாவற்றுக்கும் 'இரு' ஒன்றே போதும். ஆங்கிலம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. ஆளே அப்படி என்றால் 'இஸ்'. ஆளிடம் ஒன்று உண்டு என்றால் 'ஹேஸ்'. ஹி இஸ் டால். ஹி இஸ் தின். ஹி ஹேஸ் அ பியர்ட். ஹி ஹேஸ் அ மோல் ஆன் ஹிஸ் சீக்.

குழப்பம் வந்தால் தமிழிலேயே ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். வாக்கியம் "அவர் ... ஆ இருக்கார்" என்று வந்தால் 'இஸ்'. "அவருக்கு ... இருக்கு" என்று வந்தால் 'ஹேஸ்'. பத்தில் ஒன்பது தடவை இது சரியாக வரும். பத்தாவது தடவை வழுக்கை. "அவருக்கு வழுக்கை" என்று நாம் சொன்னாலும் ஆங்கிலத்தில் ஹி இஸ் பால்ட்தான், 'ஹேஸ்' வராது. இந்தச் சொல்லைக் கவனமாகச் சொல்லுங்கள். வாயைக் குவித்துப் 'போல்ட்' என்று சொல்லிவிட்டால் தைரியசாலி என்று அர்த்தமாகிவிடும். மாமாவை வழுக்கை என்று சொல்லப் போய் வீரர் ஆக்கிவிடுவோம். அவர் சந்தோஷப்படுவார், ஆனால் ஆள் கிடைக்க மாட்டார்.

'ஹி இஸ் ஹேவிங் அ பியர்ட்' என்று சொல்லக் கூடாது. இப்போது நடந்துகொண்டிருக்கிற வேலைக்குத்தான் 'ஹேவிங்'. ஹி இஸ் ஹேவிங் லன்ச் என்றால் சரி. தாடியை யாரும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

அடுத்து உடுப்பு. இங்கே நிலைமை தலைகீழ். தமிழ் பணக்கார மொழி, ஆங்கிலம் சிக்கனம். நாம் சட்டை போடுவோம், சேலை கட்டுவோம், பொட்டு வைப்போம், விபூதி பூசுவோம், கண்ணாடி மாட்டுவோம், பூ சூடுவோம். ஆங்கிலத்தில் எல்லாமே 'வேர்'. மலாயில் 'பாக்காய்' என்று ஒரே சொல்லை வைத்து ஓட்டுகிறோமே, அந்த மாதிரி. ஷி இஸ் வேரிங் அ க்ரீன் சாரி. ஷி இஸ் வேரிங் ஃப்ளவர்ஸ் இன் ஹர் ஹேர். வழக்கமாகக் கண்ணாடி போடுகிறவர் என்றால் ஹி வேர்ஸ் கிளாசஸ். இன்றைக்குப் போட்டிருக்கிற சட்டை என்றால் ஹி இஸ் வேரிங் அ ப்ளூ ஷர்ட். ஆள் காணாமல் போனால் இந்த வித்தியாசம் முக்கியம். 'வேர்ஸ்' என்றால் எப்போதும், 'இஸ் வேரிங்' என்றால் இப்போது. போலீஸ்காரர் எதைத் தேட வேண்டும் என்று இதை வைத்துத்தான் தெரிந்துகொள்வார்.

எப்படி இருப்பார்?

"உங்க சார் எப்படி இருப்பார்?" என்று தமிழில் கேட்டால் மூன்று விதமாகப் பதில் சொல்லலாம். உயரமா இருப்பார், கோபக்காரர், இப்ப உடம்பு தேவலை. ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கேள்வி. வாட் டஸ் ஹி லுக் லைக் என்றால் தோற்றம். வாட் இஸ் ஹி லைக் என்றால் குணம். ஹவ் இஸ் ஹி என்றால் நலம் விசாரிப்பது. தேர்வில் 'வாட் டஸ் யுவர் பெஸ்ட் ஃப்ரெண்ட் லுக் லைக்' என்று கேட்கும்போது 'ஹி இஸ் வெரி கைண்ட் அண்ட் ஹெல்ப்ஃபுல்' என்று பதில் சொன்னால் நட்பு வளரும், மதிப்பெண் வளராது.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

பாரிஸ் நகரப் போலீஸில் 1879-ஆம் ஆண்டு எழுத்தராக வேலைக்குச் சேர்ந்தவர் அல்ஃபோன்ஸ் பெர்ட்டியோன். கைதிகளைப் பற்றிய பழைய குறிப்புகள் 'நடுத்தர உயரம், சாதாரண முகம்' என்கிற ரகத்தில் இருந்தன. அப்படி எழுதி வைத்தால் யாரைப் பிடிப்பது? முகத்தை ஒவ்வொரு உறுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வகைப்பெயர் வைத்துச் சொல்லும் ஒரு முறையை அவர் உருவாக்கினார். அதற்கு அவர் வைத்த பெயரின் பொருள் 'பேசும் உருவப்படம்'. காதை அவர் மிகவும் கவனித்தார். தாடி வளர்க்கலாம், மீசையை எடுக்கலாம், காதை என்ன செய்ய முடியும்? அவருடைய உடல் அளவு முறையைப் பிற்பாடு கைரேகை ஓரங்கட்டிவிட்டது. ஆனால் முகத்தைச் சொல்லும் அந்த ஒழுங்கு இன்றைக்கும் நமக்கு உதவும்.

பொறியியல் படிக்கிறவன் என்பதால் எனக்கு இதைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. மாறாததை முதலில் அள, மாறுவதைக் கடைசியில் குறி. அவ்வளவுதான். எலும்பும் தழும்பும் மாறாது. முடியும் உடுப்பும் மாறும். அந்த அம்மா சொன்ன இரண்டுமே மாறுகிற விஷயம் என்பதைக் கவனித்தீர்களா? பதற்றத்தில் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சட்டைதான். அதைக் கேட்டுக்கொண்டு, பிறகு நாம்தான் மெதுவாக முகத்துக்கு அழைத்து வர வேண்டும்.

மேலிருந்து கீழே வருவோம். நெற்றி ஃபோர்ஹெட். அகலமானால் ப்ராட். புருவம் ஐப்ரவ், 'நவ்' என்பது போல முடிய வேண்டும், 'ஐப்ரோ' அல்ல. அடர்த்தியானால் திக் அல்லது புஷி. இமைமுடி ஐலாஷ்.

கண்ணுக்கு வந்தால் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. நம்மில் நிறையப் பேர் 'ஷி ஹேஸ் ப்ளாக் ஐஸ்' என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் 'ப்ளாக் ஐ' என்றால் குத்து வாங்கிக் கன்றிப்போன கண். கதாநாயகியை இப்படி வர்ணித்தால் வாசிப்பவர் அவளுக்கு என்ன அடி பட்டதோ என்று பதறுவார். டார்க் ப்ரவுன் ஐஸ், அல்லது டார்க் ஐஸ் என்று சொல்லுங்கள். உள்வாங்கிய கண் டீப்-செட். பாதாம்பருப்பு வடிவம் ஆல்மண்ட்-ஷேப்ட். நம் நாட்டில் எல்லா இனத்தவரும் சேர்ந்து வாழ்கிறோம். சீன நண்பர்களின் கண்ணைப் பற்றிக் கேலியாகச் சொல்லப்படும் ஆங்கிலச் சொற்கள் சில காதில் விழலாம். விளையாட்டுக்குக்கூட அவற்றை எடுக்காதீர்கள். நம் நிறத்தை வைத்து யாராவது கிண்டல் செய்தால் எப்படி வலிக்குமோ அப்படித்தான்.

மூக்கு எனக்குப் பிடித்த பகுதி, ஏனென்றால் அதில் ஒரு பாலம் இருக்கிறது. இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள தண்டுக்கு ஆங்கிலத்தில் ப்ரிட்ஜ் என்றே பெயர். எடுப்பான மூக்குக்கு நாம் 'ஷார்ப் நோஸ்' என்று சொல்கிறோம். நம் வட்டாரத்தில் புரியும், வெளியே ஸ்ட்ரெய்ட் நோஸ் அல்லது பாயிண்டட் நோஸ் என்றால் தெளிவாக இருக்கும். அகலமானது ப்ராட், தட்டையானது ஃப்ளாட், கிளிமூக்கு ஹூக்ட். மூக்குத்தி நோஸ் ஸ்டட், வளையமாக இருந்தால் நோஸ் ரிங்.

"மூக்கும் முழியுமா இருக்கா" என்று பாட்டிமார் சொல்வார்களே, அதை மட்டும் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்காதீர்கள். 'ஷி ஹேஸ் நோஸ் அண்ட் ஐஸ்' என்றால் எல்லாருக்கும்தானே இருக்கிறது! ஷி ஹேஸ் ஸ்ட்ரைக்கிங் ஃபீச்சர்ஸ் என்று சொல்லலாம். ஃபீச்சர்ஸ் என்றால் முகத்தின் அமைப்பு. ஓவல் முகத்துக்கு மலாய்க்காரர்கள் வெற்றிலையை உவமை சொல்வார்கள், 'பூஜுர் சிரி' என்று. அதுவும் அழகுதான். ஆங்கிலத்தில் வெற்றிலை இல்லை, ஓவல் ஃபேஸ் என்று மொட்டையாகச் சொல்லிவிடுவார்கள். வட்டம் ரவுண்ட், சதுரம் ஸ்கொயர், நீளம் லாங்.

கன்னக்குழி டிம்பிள். நாடியில் குழி விழுந்தால் க்ளெஃப்ட் சின். முன்பல் இரண்டுக்கும் இடைவெளி இருந்தால் அ கேப் பிட்வீன் ஹிஸ் ஃப்ரண்ட் டீத். மச்சம் மோல், பிறவியிலேயே வந்த பெரிய அடையாளம் பெர்த்மார்க், தழும்பு ஸ்கார், பரு பிம்பிள், சுருக்கம் ரிங்கிள். இவற்றில் மச்சமும் தழும்பும் தங்கம். கூட்டத்தில் ஆளைக் கண்டுபிடிக்க இவற்றைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. சொல்லும்போது இடமா வலமா என்று சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஆளுடைய இடதுபக்கம், எதிரே நின்று பார்க்கிற உங்களுடைய இடதுபக்கம் அல்ல. ஆன் ஹிஸ் லெஃப்ட் சீக். இந்தச் சின்ன விஷயத்தில் நிறையக் குழப்பம் வரும்.

முடி என்றால் ஹேர், ஒருமையில்தான். 'ஹேர்ஸ்' என்றால் தனித்தனி ரோமம், சோற்றில் கிடப்பது. சுருட்டை கர்லி, அலையாக இருந்தால் வேவி, நேராக இருந்தால் ஸ்ட்ரெய்ட். நரைமுடிக்கு க்ரே ஹேர். மொட்டைக்கு பால்ட் என்று சொல்லாதீர்கள். பால்ட் தானாகக் கொட்டியது. நேர்த்திக்கடனுக்கு மழித்தது ஷேவ்ட் ஹெட். 'போட்டாக்' மலாய்ச் சொல், மாமாக் கடையில் செல்லும், தேர்வில் செல்லாது. தாடி பியர்ட், கொஞ்சம் அழுத்தினால் பேர்ட் ஆகிப் பறந்துவிடும். மீசை மஸ்டாஷ். நாலைந்து நாள் முள்முடி ஸ்டபிள். மழுமழுவென்று இருந்தால் க்ளீன்-ஷேவன்.

விபூதி, பொட்டு பற்றி ஒரு வார்த்தை. தமிழ் தெரியாதவரிடம் பேசும்போது பெயரைச் சொல்வதைவிடக் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்வது நல்லது. த்ரீ லைன்ஸ் ஆஃப் ஒய்ட் ஆஷ் அக்ராஸ் ஹிஸ் ஃபோர்ஹெட். அ ரெட் டாட் பிட்வீன் ஹர் ஐப்ரவ்ஸ். சந்தனம் சாண்டல்வுட் பேஸ்ட். ஆனால் இவை வேர்வையில் அழியும், ஆகவே கடைசியில் சொல்லுங்கள்.

நிறம்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

நம் வீடுகளில் நிறத்தைச் சொல்ல எத்தனை சொல்! வெள்ளை, சிவப்பு, எலுமிச்சை நிறம், மாநிறம், புதுநிறம், கருப்பு. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் இவற்றில் பாதி அளவு அல்ல, தரம். குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனதும் பெரியவர்கள் முதலில் கேட்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள். "கருப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று ஒருவரைப் பாராட்டுகிறோம். பாராட்டில் ஓர் 'இருந்தாலும்' ஒளிந்திருக்கிறது. சிலர் இதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் 'ஷி இஸ் டார்க் பட் பியூட்டிஃபுல்' என்று எழுதுகிறார்கள். அந்த 'பட்' எதற்கு? 'ஷி ஹேஸ் டார்க் ஸ்கின் அண்ட் அ லவ்லி ஸ்மைல்' என்று எழுதிப் பாருங்கள். இலக்கணம் ஒன்றுதான். ஆனால் படிக்கிற தங்கச்சிக்கு இரண்டும் ஒன்றல்ல. மலாய்க்காரர்கள் 'ஹீத்தாம் மானிஸ்' என்கிறார்கள். கருப்பு, இனிப்பு. அதில் 'இருந்தாலும்' இல்லை பாருங்கள்.

ஆங்கிலத்தில் 'ஹி இஸ் ப்ளாக்' என்றால் கேட்பவர் ஆப்பிரிக்க வம்சாவளியினர் என்று எடுத்துக்கொள்வார். நம்மவர் ஒருவரைத் தேடும்போது இப்படிச் சொன்னால் தேடுகிறவர் வேறு யாரையோ தேடுவார். 'ஃபேர்' என்பதும் ஏமாற்றும். நம் வீட்டில் அக்காவைவிடத் தங்கை கொஞ்சம் வெளுப்பு என்பதால் அவளை ஃபேர் என்போம். போலீஸ்காரருக்கு உங்கள் அக்காவைத் தெரியாது. அவர் மனசில் இருக்கிற ஃபேர் வேறு. இந்தியக் கல்யாண விளம்பரங்களில் வரும் 'வீட்டிஷ்' என்ற சொல்லும் அப்படித்தான். கோதுமை நிறம் என்று நமக்குப் புரியும், மற்றவர்கள் விழிப்பார்கள். எது எல்லாருக்கும் புரியும்? லைட் ப்ரவுன், மீடியம் ப்ரவுன், டார்க் ப்ரவுன். மூன்று படி போதும். வெயிலில் கறுத்தவருக்கு டேன்ட் என்று ஒரு சொல் உண்டு, பிறவி நிறத்துக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது.

பல காலம் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்று விற்ற முகப்பூச்சின் பெயரை 2020-இல் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாற்றினார்கள். ஒரு சொல்லின் பாரம் எவ்வளவு என்று கம்பெனிக்காரர்களுக்கே புரிந்துவிட்டது. நாம் புரிந்துகொள்ள எவ்வளவு நேரம்?

குண்டும் ஒல்லியும்

ஒரே உடம்புக்கு ஆங்கிலத்தில் பல சொல் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் வேறு முகபாவம். ஒல்லியில் ஸ்லிம், ஸ்லெண்டர் இரண்டும் பாராட்டு. தின் நடுநிலை. ஸ்கின்னி என்றால் எலும்பும் தோலும், கொஞ்சம் கிண்டல். லீன் என்றால் ஒல்லி, ஆனால் உறுதியான உடம்பு. குண்டில் ஃபேட் என்பது நேருக்கு நேர் சொன்னால் அடிமாதிரி. ப்ளம்ப் பரவாயில்லை. சப்பி குழந்தைகளுக்கு நல்லது, பெரியவர்களுக்கு யோசித்துச் சொல்லவும். ஆளைத் தேடும்போது ஹெவிலி பில்ட் அல்லது பிக் பில்ட் என்று சொன்னால் அர்த்தமும் கிடைக்கும், மரியாதையும் கெடாது. குள்ளமாகவும் கட்டையாகவும் இருந்தால் ஸ்டாக்கி. ஜிம்முக்குப் போய் 'சாடோ' ஆன அண்ணன்மாருக்கு மஸ்குலர்.

நம் அத்தைமார் "நல்லா ஹெல்த்தியா இருக்கா" என்று சொல்வதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். ஆங்கிலேயருக்குத் தெரியாது. அவர் அந்தப் பெண் ஓட்டப்பந்தயம் ஓடுகிறவள் என்று நினைப்பார்.

வயதுக்கு நமக்கு ஒரு நல்ல பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது, "அம்பது அம்பத்தஞ்சு இருக்கும்" என்று ஓர் இடைவெளி கொடுத்துச் சொல்வோம். ஆங்கிலத்திலும் அப்படிச் செய்யலாம். இன் ஹர் டீன்ஸ், இன் ஹிஸ் ஏர்லி ட்வென்டீஸ், இன் ஹர் மிட்-ஃபார்ட்டீஸ், இன் ஹிஸ் லேட் சிக்ஸ்டீஸ். வயதானவருக்கு ஓல்ட் என்பதைவிட எல்டர்லி மரியாதை. 'ஆன் ஓல்ட் அங்கிள்' என்று நம்மூரில் சொன்னால் நாற்பதிலிருந்து எண்பது வரை யாராகவும் இருக்கலாம், அதனால் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சொற்களை அடுக்கும்போது ஒரு வரிசை உண்டு. அளவு, வடிவம், நிறம், அதற்குப் பிறகு பெயர். லாங் ஸ்ட்ரெய்ட் ப்ளாக் ஹேர். ஸ்மால் ரவுண்ட் ஃபேஸ். மலாயில் பெயர் முதலில் வந்து, அடைமொழி பின்னால் வருவதால் இரண்டு மொழியிலும் படிக்கிற நமக்கு 'ப்ளாக் லாங் ஹேர்' என்று மாறி வந்துவிடும். தமிழ் வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள், "நீளமான கருப்பு முடி". தமிழ் இங்கே நமக்குத் துணை.

இப்போது சேர்த்துப் பார்ப்போம்

மறுபடி அந்தப் பந்தலுக்குப் போவோம். அம்மாவை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாயிற்று. ஒவ்வொன்றாகக் கேட்கிறீர்கள்.

"வயசு என்னம்மா?"

"ஆறு முடியப் போவுது தம்பி."

"நம்ம வயசுப் பசங்க மாதிரி இருப்பானா, சின்னதா இருப்பானா?"

"சின்னதாதான், ஒல்லி. சாப்பிட மாட்டான்."

"முகத்துல ஏதும் தழும்பு, மச்சம்?"

"ஆமா, ஆமா! புருவத்துக்கு மேல. சைக்கிள்லேர்ந்து விழுந்தான்."

"எந்தப் பக்கம்? உங்க கையால தொட்டுக் காட்டுங்க."

அவர் தன் இடது புருவத்தைத் தொடுகிறார்.

"பல்லு?"

"மேல முன்பல்லு ஒண்ணு விழுந்து போச்சு. சிரிச்சா தெரியும்."

பாருங்கள், இரண்டு நிமிஷத்துக்கு முன் "மொட்டை, மஞ்சள் சட்டை" மட்டும்தான் இருந்தது. இப்போது போலீஸ்காரரிடம் இப்படிச் சொல்லலாம்:

ஹி இஸ் அபவுட் சிக்ஸ். ஹி இஸ் ஸ்மால் அண்ட் தின் ஃபார் ஹிஸ் ஏஜ், வித் டார்க் ப்ரவுன் ஸ்கின். ஹி ஹேஸ் அ ஸ்கார் அபவ் ஹிஸ் லெஃப்ட் ஐப்ரவ். ஒன் ஆஃப் ஹிஸ் அப்பர் ஃப்ரண்ட் டீத் இஸ் மிஸ்ஸிங். ஹிஸ் ஹெட் இஸ் ஷேவ்ட், அண்ட் தேர் இஸ் சாண்டல்வுட் பேஸ்ட் ஆன் இட். ஹி இஸ் வேரிங் அ யெல்லோ டி-ஷர்ட் அண்ட் ப்ளூ ஷார்ட்ஸ்.

ஆறு வாக்கியம். கடினமான சொல் ஒன்றும் இல்லை. வயது, உடல், மாறாத அடையாளம், கடைசியில்தான் மொட்டையும் சட்டையும். 'பியூட்டிஃபுல்', 'க்யூட்', 'நைஸ்' எதுவும் வரவில்லை. அந்த அம்மாவுக்கு அவன் உலகத்திலேயே அழகான பிள்ளைதான், ஆனால் தேடுகிறவருக்கு அது உதவாது. வேண்டுமானால் கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

சிலர் கேட்கலாம், கைப்பேசியில் படம் காட்டினால் போதாதா என்று. காட்டுங்கள், முதல் வேலையாக. ஆனால் அது போன தீபாவளிப் படமாக இருந்தால் பையனுக்கு அதில் தலை நிறைய முடியும் வாய் நிறையப் பல்லும் இருக்கும். வாக்கிடாக்கியில் படம் போகாது, ஒலிபெருக்கியிலும் போகாது. சொல்தான் போகும்.

பயிற்சி

மூன்று வேலை தருகிறேன். முதலாவது, எல்.ஆர்.டி.யிலோ பஸ்ஸிலோ எதிரே உட்கார்ந்திருப்பவரை ஒரு தடவை மட்டும் பாருங்கள். முறைக்காதீர்கள், பிரச்சினை வரும். இறங்கிய பிறகு நாலு வாக்கியம் எழுதுங்கள், அதில் உடுப்பைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். அவருக்குத் தெரியாமல் படம் எடுக்கவும் வேண்டாம்.

இரண்டாவது, வாரக் கூட்டத்தில் இருவர் இருவராக முதுகோடு முதுகு உட்காருங்கள். ஒருவர் கூட்டத்தில் உள்ள யாரோ ஒருவரை ஆங்கிலத்தில் வர்ணிக்க, மற்றவர் யார் என்று சொல்ல வேண்டும். வர்ணிக்கப்பட்டவர் பக்கத்திலேயே இருப்பார் என்பதை மறக்காதீர்கள். அவர் முகம் சுருங்கினால் அந்தச் சொல்லை நோட்டில் எழுதி வைத்து வேறு சொல் தேடுங்கள். 'ஃபேட்' என்று சொல்லிவிட்டு "சும்மா விளையாட்டுக்குலா" என்று சமாளிப்பது செல்லாது.

மூன்றாவது வீட்டில். உங்கள் பாட்டியையோ தாத்தாவையோ பற்றி, குறிப்பாக அவர்களுக்கு ஞாபகமறதி இருந்தால், மேலே உள்ள ஆறு வாக்கியம் போல ஆங்கிலத்திலும் மலாயிலும் எழுதிக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவர்களிடமே கேளுங்கள். "இந்தத் தழும்பு எப்படி வந்துச்சு பாட்டி?" அகராதியில் 'ஸ்கார்' என்ற ஒரு சொல் கிடைக்கும். பாட்டி அரை மணி நேரம் பேசுவார்.